நூற்று நாற்பது மீட்டர்

செலஸ்தீனாள் மீன்கூடையை அலசுவதற்காகக் கடலில் இடுப்பளவு இறங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வாய் மூடியிருக்க, அவள் நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. தூணாமுனை ஊரில் அது ஒருவர் காதிலும் விழவில்லை, மனிதக் காது எட்டாத அளவுக்கு அது தாழ்ந்திருந்தது. ஆனால் அவளைச் சுற்றித் தண்ணீர் வட்டம் வட்டமாகச் சிலிர்த்தது, கரையோர வீடுகளின் அடுப்படித் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையின் விளிம்புக்கு நகர்ந்து வந்து விழுந்தன, மாதா கோயில் மணியின் நாக்கு யாரும் தொடாமலே நடுங்கியது, பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்த இரண்டு பெண்களின் வயிற்றில் பிள்ளைகள் அசைவதை நிறுத்திக் கவனித்தன. இருபது நிமிஷம். பிறகு நின்றது. செலஸ்தீனாள் கூடையிலிருந்த தண்ணீரை வடித்து, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆறு வயது மகள் பிளாவியாவுக்குச் சோறு போட்டாள்.

அதே பத்து மணிக்கு, கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஆராய்ச்சிக் கப்பலின் மேல்தளத்தில், தமயந்தி என்ற ஐம்பது வயதுப் பொறியாளர் அறுந்த கம்பிவடத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வடத்தின் மறுமுனையில் போனது அவளுடைய ஒன்பது வருஷம். கடலுக்கடியில் பத்து வருஷம் கிடந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிஷம், வினாடிக்கு இருபது துடிப்பு என்ற ஒரே சுருதியில் முழங்க வேண்டிய கருவி அது. சத்தம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் கடல் அதைத் தின்னாமல் விட்டுவைக்கும். எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு பெரிய உடம்பும் அதற்கு வேண்டும். ஆகவே பத்தொன்பது மீட்டர் நீளத்தில் அலுமினியக் குழாய் செய்தாள். முதல் குழாயை ஆழத்தின் அழுத்தம் அப்பளமாக நொறுக்கியது. இரண்டாவது, ரப்பர் வளையங்கள் வழியே உப்புத்தண்ணீர் கசிந்து ஊமையானது. மூன்றாவது, அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு சத்தமும் போடாமல் வடத்தை அறுத்துக்கொண்டு அடியாழத்துக்குப் போனது. போன நாற்பத்திரண்டாவது நிமிஷம், மொரீஷியஸ் பக்கத்துக் கடலில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கருவியிலிருந்து செய்தி வந்தது: சத்தம் வந்து சேர்ந்தது, மிகச் சுத்தமாக இருக்கிறது, வாழ்த்துகள்.

தமயந்தி ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் கேட்கும் மைக் ஒன்றைத் தொங்கவிட்டபடி கரையோரமாகவே போனாள். பிற்பகல் இரண்டு மணிக்குச் சத்தம் மறுபடி எழுந்தபோது அது தடித்த திசையில் படகைத் திருப்பினாள். அது அவளைத் தூணாமுனைக் கரைக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற, ஐந்தடி உயரம்கூட இல்லாத ஒரு மீன்காரியின் முன்னால் நிறுத்தியது.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டாள், சத்தம் நின்றதும்.

"வலியெல்லாம் இல்ல மேடம். நெஞ்சு முட்டிக்கிட்டு வருது, பால் கட்டுன மாதிரி. எறங்கி நின்னா வடிஞ்சிருது."

"எத்தனை நேரத்துக்கு ஒருக்காங்க?"

"காலையில பத்துக்கு வந்துச்சு. இப்பம் ரெண்டு. ஆறு மணிக்கு மறுக்க வரும்னு நெனைக்கேன்." செலஸ்தீனாள் முந்தானையைப் பிழிந்தாள். "இது எதுவரைக்கும் கேக்கும் மேடம்?"

"மொரீஷியஸ்ல கேட்டுருக்குதுங்க. மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்."

செலஸ்தீனாள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டு ஆளுக்கு அடுப்படியில இருந்து கூப்பிட்டாலே கேக்காது."

அன்று சாயங்காலம் தமயந்தி அவளுடைய நெஞ்சைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்தாள். முப்பத்தோரு அங்குலம். முப்பத்தோரு அங்குலத்துக்குள் அந்தச் சத்தம் பிறக்க முடியாது என்று அவளுடைய கணக்கு சொன்னது, பிறந்துகொண்டிருந்தது, அவள் கணக்கை மூடிவைத்துவிட்டு அளவை மட்டும் குறித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாகத் தன்னால் முடியாததை ஒருத்தி கூடை அலசுகிற நேரத்தில் செய்துவிட்டாள் என்பது அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது, அதைக் கடைசிவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்திக்கு ஆஸ்துமா வருகிறது, ஒருத்திக்குச் சாமி வருகிறது, செலஸ்தீனாளுக்கு இது வருகிறது. தட்டுகளைப் பலகையிலிருந்து இறக்கித் தரையில் மணல் பரப்பி அதன்மேல் வைத்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸ்களை ஈரத்துணியில் நிற்கவைத்தார். கோயில்பிள்ளை மணியின் நாக்கைத் துண்டால் கட்டினார். பல்லில் சிமெண்ட் அடைத்தவர்கள் அந்த இருபது நிமிஷமும் வாயில் ஒரு பாக்கை அதக்கிக்கொண்டார்கள். ஊரில் எல்லோரும் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

மீன்கள்தான் பழகவில்லை. முதல் வாரம் சாளை போனது, இரண்டாம் வாரம் நெத்திலி, மூன்றாம் வாரம் வலையில் சொறி என்ற இழுதுமீனும் பாசியும் மட்டும் வந்தன. ஊர்க் கமிட்டித் தலைவர் வில்லவராயர் பத்துப் பேரோடு செலஸ்தீனாளின் புருஷன் ரோமால்டு வீட்டு முற்றத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"லேய் ரோமால்டு, ஒன் பொண்டாட்டிய அடக்கு. நெஞ்சு முட்டுதுன்னா முட்டட்டும். ஊரு வயிறு காயுது."

ரோமால்டு நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ ஊரில் யாரும் சொன்னதில்லை, அவன் பெரியவர்கள் சொல்வதைச் செய்கிறவன். மனைவியை அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டான். பத்து மணிக்குச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது, இரண்டு மணிக்கு ஓடுகள் விலகின, ஆறு மணிக்குச் சுவரில் ஓர் அசைவும் இல்லாமல் போகவே கதவைத் திறந்தபோது அவள் உதடு நீலம் பாய்ந்து, மூக்கிலும் காதிலும் ரத்தம் உறைந்து, பிளாவியாவின் பாயில் கிடந்தாள். ரோமால்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கடலில் வைத்தான். கடல் முழங்கியது. அவள் மூச்சு திரும்பியது.

மறுநாள் தமயந்தி கமிட்டிக் கட்டடத்துக்கு வந்தாள். அவள் பேசத் தெரிந்தவள் இல்லை, ஆனால் எதைப் பேச வேண்டும் என்று தெரிந்து வந்திருந்தாள். தூணாமுனையைப் பதினைந்து வருஷமாகக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த இரண்டு தெருக்கள் இப்போது தண்ணீருக்குள் இருந்தன. கல்லறைத் தோட்டத்தின் பாதிச் சிலுவைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுகிற தடுப்பு ஒன்று வேண்டுமென்று அவர்கள் கொடுத்த மனுக்கள் எந்த மேசையிலும் நின்றதில்லை.

"கடல் சூடாயிட்டு வருதுங்க," என்றாள் தமயந்தி. "எவ்வளவுன்னு தெரியோணும். சூடான தண்ணியில சத்தம் கொஞ்சம் வேகமாப் போகும். இங்க ஒரு சத்தம் போட்டு, அங்க எத்தனை நொடியில வருதுன்னு பாத்தா, நடுவுல இருக்குற கடல் முழுசுக்கும் காய்ச்சல் பாத்த மாதிரி. ஒருநாள் பாத்தாப் பிரயோசனம் இல்லைங்க. பத்து வருஷம், விடாம, ஒரே குரல்ல பாக்கோணும். அதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா தூண்டில் வளைவு வரும். கவர்மெண்டுல கையெழுத்து ஆயிருச்சு. சத்தம் நிக்கிற அன்னைக்குக் கல்லு லாரியும் நிக்கும்."

வில்லவராயர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ரோமால்டு வீட்டுக்கு நடந்தார். "ஏளா செலஸ்தீனா, ஒனக்கு என்ன கொற வேணும்னு சொல்லு," என்றார். அவள் வீட்டு முற்றத்தில் போன வாரம் செருப்போடு நின்றவர்கள் இந்த வாரம் தேங்காயெண்ணெயோடு வந்தார்கள், உப்பு அரிக்காமல் இருக்க அவள் காலில் தேய்த்துவிட.

செலஸ்தீனாளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதுவரை யாரும் அவளைத் திண்டில் உட்காரச் சொன்னதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நின்றுவிட்டு, நடுவில் சோறு பொங்கினாள், மகளுக்குப் பேன் பார்த்தாள், மீனில்லாத கூடையைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்து கதை பேசினாள். ஆனால் கரைக்கு வந்துபோகும்போது உடம்பின் சூடு மாறுவதால், இறங்கியவுடன் முதல் ஐந்து நிமிஷம் சுருதி வழுக்குகிறது என்று தமயந்தி கண்டுபிடித்தாள். இரண்டு முறைக்கு நடுவில் தண்ணீரிலேயே இருக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றாள் செலஸ்தீனாள். பிறகு மூன்று முறைக்கு நடுவில். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கரைக்கு வந்தால் போதுமா என்று கேட்டாள். பிறகு சாமியாரே வள்ளத்தில் வந்து நற்கருணை கொடுக்க ஏற்பாடானது.

கடலுக்குள் பாறையில் அடித்து இறக்கிய ஓர் இரும்புச் சட்டகம் செய்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீர், முதுகு சாய ஒரு பலகை, அலை தள்ளாமல் இருக்க ஒரு வார், தலைக்கு மேல் ஓலைக்கூரை. தமயந்தி அதை ஒன்பது முறை வரைந்து, ஒன்பதாவதைச் செய்யச் சொன்னாள். அவள் வரைந்தவற்றிலேயே கடல் உடைக்காத ஒன்று அதுதான். சூடான குழம்பு சுருதியை ஏற்றியது, ஆறிப்போன கஞ்சி இறக்கியது, ஆகவே விரல் வைத்தால் சூடும் தெரியாத குளிரும் தெரியாத ஒரு கஞ்சியை வள்ளத்தில் கொண்டுபோனார்கள். எட்டாவது மாதம் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. இறங்கிப் பார்த்தபோது, படகுகளின் அடியில் ஒட்டி வளர்கிற கொட்டலசுச் சிப்பிகள் அவள் முழங்கால் வரை படர்ந்திருந்தன. தமயந்தி அவற்றின் எடையைக் கணக்குப் போட்டாள், சரியாக இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ரோமால்டு படகு சுரண்டும் தகட்டோடு முங்கிப்போய் அவற்றைச் சுரண்டி எடுத்தான். முதல் தடவை தண்ணீர் சிவந்ததைப் பார்த்து அவன் கரையில் வந்து வாந்தியெடுத்தான், மூன்றாம் தடவை முடித்துவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

இவ்வளவும் செய்தும் சுருதி ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருநாள் கால் துடிப்பு ஏறியது, ஒருநாள் அரைத் துடிப்பு இறங்கியது. தமயந்தி இரண்டு மாதம் காற்றையும் ஓதத்தையும் நிலவையும் எழுதிவைத்து ஒத்துப்பார்த்தாள், எதோடும் ஒத்துவரவில்லை. கடைசியில் கஞ்சி வள்ளக்காரர் போகிறபோக்கில் சொன்னார்: "பிள்ள கரையில வெளையாடுனா அவளுக்குச் சந்தோசம் மேடம். காணலைன்னா ஒரே அழுகை."

மறுநாள் காலை தமயந்தி ஒரு நீளமான டேப்பும் குச்சி ஐஸ் பெட்டியும் கொண்டுவந்தாள்.

பிளாவியாவுக்கு அவள் அம்மா தைத்துக்கொடுத்த மஞ்சள் பிராக்கைப் போட்டுவிட்டு, சட்டகத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளித் தண்ணீர் விளிம்பில் நிற்கவைத்தார்கள். பத்து மணிக்குச் செலஸ்தீனாளின் குரல் இருபத்தொன்றுக்கு ஏறியது. இரண்டு மணிக்குப் பிள்ளையைப் பத்து மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். ஆறு மணிக்கு இன்னும் பத்து. மூன்று நாள் நடந்தது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் தமயந்தி பிள்ளைக்கு ஒரு குச்சி ஐஸ் கொடுத்தாள். வெயிலில் ஐஸ் முழங்கை வரை ஒழுகியது. பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டியது. கையை ஆட்டினால் சுருதி துள்ளுகிறது என்று தெரிந்ததும் ரோமால்டு பின்னால் குனிந்து நின்று கைகளைப் பிடித்துக்கொண்டான். நூற்றைம்பதில் குரல் இருபதுக்குக் கொஞ்சம் கீழே கிடந்தது. நூற்று நாற்பதில் சரியாக இருபதில் நின்றது, இருபது நிமிஷமும் மயிரிழை அசையாமல். தாய்க்குப் பிள்ளை இருக்கிறது என்று தெரியும், முகம் தெரியாது, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாது. சந்தோஷம் தொடங்குவதற்கும் துக்கம் தொடங்குவதற்கும் நடுவிலிருந்த ஓர் இடம் அது. அந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை பிளாவியா அந்தக் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். இருட்டு வேளைகளில் கம்பத்தில் விளக்குக் கட்டி, தூங்கும் பிள்ளையை ரோமால்டு கக்கத்தில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தான். அவள் எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போய் ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்தாள். டீச்சர் அதை வருகைப் பதிவில் வந்ததாகவே போட்டாள்.

கல் லாரிகள் வந்தன. தூண்டில் வளைவு கடலுக்குள் கையை நீட்டத் தொடங்கியது. மொரீஷியஸ்காரர்கள் இவ்வளவு நிலையான ஒலி உலகத்தில் எந்தக் கடலிலும் இல்லை என்று எழுதினார்கள். தமயந்திக்குப் பெரிய மாநாடுகளில் மாலை போட்டார்கள். சட்டகத்தின் வரைபடத்தைக் காட்டிப் பேசும்போது அவள் உள்ளே நிற்கிறவளை "மூலம்" என்று சொன்னாள்.

மூன்றாம் வருஷம் மாதா திருவிழா அன்று, பத்து மணிச் சத்தம் முடிந்ததும், செலஸ்தீனாள் வாரை அவிழ்த்துக்கொண்டு கரையை நோக்கி நடந்து வந்தாள். கால்கள் நடப்பதை மறந்திருந்தன, இரண்டு தடவை அலை அவளைக் கவிழ்த்தது, எழுந்து வந்தாள். தேர் இழுத்துக்கொண்டிருந்த ஜனம் வடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்கு வந்து வரிசையாக நின்றது. யாரும் கையில் எதையும் எடுக்கவில்லை. யாரும் கத்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். முன்னால் நின்றவள் அமலோற்பவம், செலஸ்தீனாளோடு பன்னிரண்டு வருஷம் ஒரே சந்தையில் ஒரே சாக்கில் உட்கார்ந்து மீன் விற்றவள்.

"எக்கா," என்றாள் செலஸ்தீனாள், மூச்சு வாங்க. "ஒரே ஒரு தடவ. பிள்ளையத் தொட்டுட்டு வந்துருதேன். ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்."

எல்லோரும் தமயந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்தியிடம் அதற்கு விடை இருந்தது. முதல் வருஷம் பிறந்தநாளுக்கென்று பிள்ளையை வள்ளத்தில் கொண்டுபோய்க் காட்டியபோது சுருதி நிலைக்குத் திரும்ப எத்தனை நாளாயிற்று என்று அவள் எழுதிவைத்திருந்தாள். "பதினொரு நாள் போயிருங்க," என்றாள். "பதினொரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கோணும்."

"கேட்டியாட்டி?" என்றாள் அமலோற்பவம். "எங்க வீட்டு நடையில இப்பமும் தண்ணி நிக்கி. கல்லு பாதிகூட விழல." அவள் தன் பண்டிகைச் சேலையின் முந்தானையால் செலஸ்தீனாளின் முகத்தைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், கன்னத்தில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் எடுத்தாள். பிறகு இரண்டு தோளையும் பிடித்து, மெதுவாக, ஒரு சின்னப் பிள்ளையைத் திருப்புவது மாதிரி, கடல் பக்கம் திருப்பிவிட்டாள். நாலைந்து பெண்கள் கைத்தாங்கலாகக் கூடவே நடந்து, சட்டகம் வரை கொண்டுபோய், வாரை மாட்டினார்கள். ஒன்பது வயதுப் பிளாவியா கம்பத்தில் நின்று பார்த்தாள். அன்று தேர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நிலைக்கு வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் ஒரு புதுச் சிக்கல் வந்தது. குரல் மாதத்துக்கு மாதம் மெல்ல ஏறத் தொடங்கியது. கஞ்சி சரியாக இருந்தது, சிப்பி இல்லை, கம்பம் அசையவில்லை. தமயந்தி பழைய புகைப்படங்களை எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தபோது புரிந்துகொண்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டிருந்தது. மஞ்சள் பிராக் தொடைக்கு மேலே ஏறியிருந்தது. நூற்று நாற்பது மீட்டர் தூரத்தில் முகம் தெரியாது, உயரம் தெரியும். வளர்கிற பிள்ளையைப் பார்க்கிற தாய்க்கு நெஞ்சில் ஏதோ ஏறுகிறது.

தமயந்தி அதைக் கமிட்டியில் சொன்னாள்.

"அப்பம் வளராத பிள்ளையா நிறுத்தணும்," என்றார் வில்லவராயர்.

அமலோற்பவத்தின் கடைசி மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது ஆறு வயது. அதே மஞ்சளில் துணி எடுத்து, அதே தையலில் பிராக் தைத்து, அவளைக் கம்பத்தில் நிறுத்தினார்கள். பத்து மணிக்கு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு தமயந்தியின் திரையைப் பார்த்தது. பிளாவியா ஒரு கவிழ்த்த வள்ளத்துக்குப் பின்னால் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். குரல் எழுந்தது, கொஞ்சம் தள்ளாடியது, இருபதில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஜனம் கைதட்டியது; ரோமால்டும் தட்டினான்.

பிளாவியா வள்ளத்தைச் சுற்றி வந்து தமயந்தியின் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்குத் தெரியலியா மேடம்? அது நான் இல்லைன்னு?"

தமயந்தி வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "இல்ல கண்ணு," என்றாள். "சரியா இருபதுல நிக்குது."

அந்த ஜூன் மாதம் பிளாவியாவைப் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் சேர்த்தார்கள். அவள் போன பிறகு குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஊரில் ஆறு வயதாகிற பெண்பிள்ளைகள் வாரத்துக்கு ஒருத்தியாக முறைவைத்துக் கம்பத்தில் நின்றார்கள். கம்பத்துப் பிள்ளை என்று அவர்களுக்குப் பெயர். அந்த வாரம் முழுக்க அவர்களை யாரும் அடிக்கக் கூடாது, பொரித்த மீன் கேட்டால் கொடுக்க வேண்டும். தன் பிள்ளையின் முறை வராமல் போனால் தாய்மார்கள் வில்லவராயரிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஏழு வயது நிறைந்தால் பிராக்கைக் கழற்றி அடுத்ததற்குப் போட்டார்கள். செலஸ்தீனாளின் மகள் வளரவில்லை. செலஸ்தீனாள் அதன்பிறகு கரைக்கு வரவேண்டும் என்று கேட்கவேயில்லை. வருஷம் எத்தனை என்று கேட்பதையும் விட்டாள். வள்ளக்காரர் கஞ்சி கொடுக்கும்போது, "பிள்ள சாப்பிட்டுட்டாளா?" என்று மட்டும் கேட்டாள், சாப்பிட்டுவிட்டாள் என்று அவர் சொன்னார்.

தூண்டில் வளைவு முடிந்தது. தூணாமுனைக்கு மணல் திரும்பி வந்தது, இரண்டு தெரு அகலத்துக்கு. கிழக்கே அடுத்த ஊரைக் கடல் அரிக்கத் தொடங்கியது, அந்த ஊர்க்காரர்கள் மனு எழுதத் தொடங்கினார்கள்.

பத்து வருஷமும் முடிந்தது. கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று தமயந்தி மூன்று தசம இடத்துக்குச் சரியாகச் சொன்னாள், அந்த எண் உலகத்துச் செய்தித்தாள்களில் ஒருநாள் வந்தது. மொரீஷியஸ்காரர்கள் கேட்கும் கருவியைத் தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். தமயந்திக்கு ஓய்வு பெறும் வயதாகிவிட்டிருந்தது. அவள் பாளையங்கோட்டைக்குத் தானே போய், பதினாறு வயதுப் பிளாவியாவைப் பார்த்து, "உங்கம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம் கண்ணு," என்று சொல்லிக் கூட்டிவந்தாள். காரில் வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள்: சென்னையில் நல்ல டாக்டர்கள், காலுக்கு மருந்து, வீட்டுக்குப் புது ஓடு. பிளாவியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் தடுக்கவில்லை. இனித் தடுக்க ஒன்றுமில்லை. பத்து மணிச் சத்தம் தொடங்கும் முன் வாரை அவிழ்த்து அழைத்துவர வேண்டும் என்று முடிவாயிற்று, ஆனால் கார் வர நேரமாகி, வழக்கப்படி கம்பத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தது, சத்தமும் தொடங்கியிருந்தது. பிளாவியா காத்திருக்கவில்லை. விடுதிச் சுடிதாரோடு தண்ணீரில் இறங்கி, முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நடந்து, சட்டகத்தின் முன்னால் போய் நின்றாள். தண்ணீர் அவளைச் சுற்றியும் வட்டம் வட்டமாகச் சிலிர்த்தது.

செலஸ்தீனாளின் தலை வெளுத்திருந்தது. தோல் உப்பு பூத்து, கழுத்துவரை சிறு சிறு சிப்பிகள் ஏறியிருந்தன. கண்கள் மட்டும் திறந்து, கரையில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றாள் பிளாவியா. "நான் பிளாவியா. வாங்கம்மா, வீட்டுக்குப் போவோம்."

குரல் ஒரு கணம் தள்ளாடியது. பத்து வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தத்தின் நடுவில் செலஸ்தீனாள் வாயைத் திறந்தாள். முன்னால் நின்ற உயரமான பெண்ணை அன்போடுதான் பார்த்தாள், சந்தையில் முகம் தெரியாதவர்களைப் பார்ப்பது மாதிரி.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லாருப்ப," என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. எம்பிள்ள மறையுது."

பிளாவியா நின்றாள். ஓர் அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது. தண்ணீரில் சிலிர்ப்பு குழம்பத் தொடங்கியது, செலஸ்தீனாள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டினாள், உதடு மெல்ல நீலமானது. பிளாவியா இரண்டடி தள்ளிப் போனாள். வட்டங்கள் மறுபடி சீராயின.

அவள் கரைக்குத் திரும்பி வந்தபோது தமயந்தி ஓடிவந்து ஒரு துண்டை நீட்டினாள். "பரவால்ல கண்ணு, ரெண்டு மணிக்கு மறுபடி பாக்கலாம். இனிச் சுருதியெல்லாம் எப்படியிருந்தாலும் ஒண்ணுமில்ல, கேக்குற மெஷினெல்லாம் எடுத்தாச்சு. அந்தப் பிள்ளைய வீட்டுக்குப் போகச் சொல்லிரலாம்."

பிளாவியா துண்டை வாங்கவில்லை. சுடிதாரிலிருந்து தண்ணீர் சொட்டக் கம்பத்துக்கு நடந்தாள். அங்கே நின்ற பிள்ளை கால் மாற்றிக் கால் நின்று, பொரித்த மீனின் முள்ளைச் சப்பிக்கொண்டு, சலிப்போடு கையை வீசிக்கொண்டிருந்தது. பிளாவியா அதன் முன்னால் முட்டி போட்டாள். வாயிலிருந்த முள்ளை எடுத்தாள். மஞ்சள் பிராக்கின் கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள். தோளைப் பிடித்துக் கம்பத்தோடு சேர்த்து நிமிர்த்தினாள்.

"கையை ஆட்டாத," என்றாள். "நேரா நில்லு. அம்மா பாக்கா."